படிப்பவர் பலர், பதில் எழுதுபவர் சிலர்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுவே முதலிடம். படிக்கத் தெரிந்தவர்கள் மிகுந்த இந்த மாவட்டத்தில் எழுத முனைபவர்களுக்கும் குறைவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வளைகுடா நாடுகளில் பணிபுரியும் பொறியாளர்கள், கடற்கரை ஊர்களின் கல்லூரி மாணவிகள், உள்ளூர் வரலாற்றைத் துருவும் வழக்கறிஞர்கள் எனப் பலர் தமக்கென்று ஒரு வலைப்பதிவு வைத்து எழுதிவருகிறார்கள். இவர்களிடம் பேசினால் ஒரே மனக்குறையைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்க நேரும். பார்வையிட்டவர்களின் எண்ணிக்கை ஏறுகிறது, ஆனால் கட்டுரையின் கீழே ஒரு வரிகூட விழுவதில்லை. இதைக் கண்டு யாரும் படிப்பதில்லை என்று முடிவுகட்டி, எழுதுவதையே நிறுத்திவிட்டவர்களும் உண்டு. அந்த முடிவு பெரும்பாலும் பிழையானது. ஏன் பிழையானது என்பதற்குப் பொதுவான காரணங்களும் இந்த மாவட்டத்துக்கே உரிய காரணங்களும் இருக்கின்றன.

பொதுவான காரணத்தை முதலில் பார்த்துவிடலாம். இணையப் பயன்பாட்டை ஆராய்ந்த யாக்கோப் நீல்சன் 2006இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இணையக் குழுக்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் படிப்பதோடு நின்றுவிடுகிறார்கள், 9 விழுக்காட்டினர் எப்போதாவது எழுதுகிறார்கள், மீதமுள்ள 1 விழுக்காட்டினரே பெரும்பகுதியை எழுதுகிறார்கள் என்று ஒரு தோராயமான கணக்கை முன்வைத்தார். வலைப்பதிவுகளில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூடுதல் என்பதையும் அவர் குறிப்பிட்டிருந்தார். இந்தக் கணக்கை உள்ளூர் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் நிலைமை விளங்கும். இருநூறு பேர் தவறாமல் படிக்கும் ஒரு பதிவுக்கு இரண்டு பேர் அடிக்கடி மறுமொழி எழுதினாலே அது உலக வழக்குக்கு ஒத்த விளைச்சல்தான். லட்சக்கணக்கானோர் படிக்கும் பக்கங்களின் பின்னூட்ட எண்ணிக்கையோடு தன் பதிவை ஒப்பிட்டு மனம் சோர்வது, கணக்கே தெரியாமல் கணக்குப் பார்ப்பது.

ஆயினும் இந்த மாவட்டத்து மௌனத்தைக் கணக்கு மட்டும் முழுமையாக விளக்கிவிடாது. இங்கே வாசகர்கள் உண்மையில் மௌனமாக இல்லை. அவர்களுடைய மறுமொழி வேறு வழியாகப் போய்விடுகிறது. கட்டுரையைப் படித்தவர் இரண்டு நாள் கழித்துத் திருமண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது அதைப் பற்றிப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருகையில் ஒருவர் கையைப் பிடித்து, "டீச்சர், அந்தக் கால்வாய் விஷயம் நீங்க எழுதினது முழுசா சரியில்ல" என்று தொடங்குவார். சிலர் தொலைபேசியில் அழைத்து அரை மணி நேரம் விவாதிப்பார்கள். அதே கருத்தை இடுகையின் கீழ் எழுதச் சொன்னால் தயங்குவார்கள். காரணம் சோம்பல் மட்டுமன்று. அண்ணாச்சி என்றும் சார் என்றும் டீச்சர் என்றும் அழைத்துப் பழகிய ஒருவரை நாலு பேர் பார்க்கும் இடத்தில் திருத்துவது மரியாதைக் குறைவு என்ற உணர்வு இங்கே வலுவானது. நேரில் சொன்னால் அது அக்கறை. எழுத்தில் பதிந்தால் அது தாக்குதல் என்று தோன்றிவிடும்.

இதைவிட ஆழமான காரணமும் உண்டு. சிறிய மாவட்டத்தில் ஒரு பெயர் வெறும் பெயராக நிற்பதில்லை. பெயரையும் ஊரையும் கேட்டாலே குடும்பம், சாதி, எந்தச் சபை அல்லது எந்தக் கோயில் என்பதை ஊகித்துவிடுகிற பழக்கம் இன்றும் மறையவில்லை. 1982இல் மண்டைக்காட்டில் மூண்ட மதக் கலவரத்தின் நினைவு கடலோர ஊர்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் மூத்த தலைமுறையிடம் அழியாமல் இருக்கிறது. ஒரு திருவிழா ஊர்வலம் குறித்தோ, ஒரு குளத்தங்கரைப் புறம்போக்கு குறித்தோ எழுதப்பட்ட இடுகையின் கீழ் தன் பெயரோடு கருத்துச் சொல்வது இங்கே ஒரு தரப்பில் போய் நிற்பதாகவே கொள்ளப்படும். வாசகர் அதை நன்றாக அறிவார். ஆகவே "உங்கள் மேலான கருத்துகளைப் பதிவு செய்யுங்கள்" என்ற வேண்டுகோள் அவர் காதில் வேறு விதமாக விழுகிறது. அவர் தயங்குவதற்கு நியாயம் இருக்கிறது என்பதை எழுதுபவர் ஒப்புக்கொண்ட பிறகே மற்ற உத்திகளைப் பற்றிப் பேச முடியும்.

வாசகரைப் பேச வைத்த எழுத்துக்கு இந்த மண்ணில் நீண்ட முன்வரலாறு இருக்கிறது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'மருமக்கள்வழி மான்மியம்' புத்தகமாக வருவதற்கு வெகுகாலம் முன்பே 'தமிழன்' இதழில் தொடராக வந்தது. நாஞ்சில்நாட்டு வேளாளரிடையே சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போன மருமக்கள்வழி முறையின் கொடுமைகளைக் காரணவர் எனப்படும் குடும்பத் தலைவர் ஒருவரின் ஐந்தாவது மனைவி தன் வாயால் சொல்வதாக அமைந்த படைப்பு அது. திருவிதாங்கூர் அரசு 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தின் மூலம் அந்த முறையை மாற்றியது. மாற்றத்துக்குக் கவிதை மட்டுமே காரணம் என்பது மிகை. சமுதாயத்துக்குள் அதற்கான கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தத் தொடர் ஏன் வீடுதோறும் பேச்சாயிற்று என்பதைக் கவனித்தால் இன்றைய பதிவருக்கும் பயன்படும் ஒன்று கிடைக்கும். அது மருமக்கள்வழி முறையின் நன்மை தீமைகளை வரிசைப்படுத்தி, வாசகரிடம் கருத்துக் கேட்கவில்லை. அடுக்களைச் சண்டை, நெல் அளவு, பாத்திரம் பண்டம், வழக்குச் செலவு என்று ஒவ்வொரு வீட்டிலும் நடந்தவற்றைப் பெயர் சொல்லாமல் துல்லியமாகச் சொன்னது. படித்தவர் ஒவ்வொருவரும் இது எந்தக் குடும்பத்துக் கதை என்று தேடத் தொடங்கினார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

பின்னாளில் நாகர்கோவிலில் வேறொரு வகை முயற்சி நடந்தது. எழுத்தாளர் சுந்தர ராமசாமியைச் சுற்றி அமைந்த 'காகங்கள்' என்ற கூட்டத்தில் இலக்கிய நண்பர்கள் கூடிக் கட்டுரை வாசித்து விவாதித்தார்கள். 1988இல் அவர் தொடங்கிய 'காலச்சுவடு' இதழிலும் வாசகர் கடிதங்கள் இடம்பெற்றன. சிறுபத்திரிகை உலகில் அஞ்சலட்டைக்கு இருந்த மதிப்பை இளைய தலைமுறைக்கு விளக்குவது கடினம். அட்டையில் இடம் குறைவு. ஆகவே எழுதியவர் சொல்ல வந்ததை நேராகச் சொன்னார். அடுத்த இதழ் வர மாதங்கள் ஆகும் என்று தெரிந்தே எழுதினார். அவ்வளவு காத்திருந்தும் அவர் எழுதியதற்குக் காரணம், தன் கடிதம் அச்சில் வரக்கூடும், அதற்கு ஆசிரியரோ கட்டுரையாளரோ பதில் சொல்லக்கூடும் என்ற எதிர்பார்ப்பு. வேகமோ வசதியோ இல்லாத காலத்தில் மறுமொழியை வாழவைத்தது அந்த எதிர்பார்ப்புதான். இன்று வசதி பெருகியிருக்கிறது, எதிர்பார்ப்பு மறைந்துவிட்டது.

இடையில் தமிழ் வலைப்பதிவுகளின் ஆரவாரமான காலம் ஒன்று இருந்தது. பல பதிவுகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டும், 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் புதிய இடுகைகளோடு, அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளையும் முகப்பில் காட்டின. ஒரு பின்னூட்டம் விழுந்தால் இடுகை மீண்டும் கண்ணில் படும் என்ற ஏற்பாடு நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டது. விரைவிலேயே அது ஒரு விளையாட்டாகிப் போயிற்று. வந்த பத்துப் பேருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லி எண்ணிக்கையை இருபதாக்குவதற்குப் பதிவர்களே 'பின்னூட்டக் கயமை' என்று பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டார்கள். நீ என் பதிவில் எழுதினாய், நான் உன் பதிவில் எழுதுகிறேன் என்ற பரிமாற்றம் மொய் வைப்பது எனப்பட்டது. படிக்காமலே முதல் ஆளாக வந்து 'மீ த பர்ஸ்ட்டு' போடுவது தனிக் கலையாக வளர்ந்தது. அந்தக் காலத்தை எள்ளி நகையாடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மொய்ப் பின்னூட்டங்களுக்கு நடுவில் உண்மையான விவாதங்களும் நடந்தன, முகம் அறியாதவர்கள் நண்பர்களானார்கள், புதிதாக எழுத வந்தவர் முதல் வாரத்திலேயே நாலு குரல் கேட்டார். ஆனால் எண்ணிக்கைக்காக வந்தவை எண்ணிக்கை காட்டும் பலகை மறைந்ததும் நின்றுவிட்டன. பல பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது, திரட்டிகள் ஒவ்வொன்றாக ஒளியிழந்தன, பேச்சு முகநூலுக்கும் பிறகு வாட்ஸ்அப் குழுக்களுக்கும் இடம்பெயர்ந்தது. தனிப்பதிவு வைத்திருப்பவர் இன்று வாசகரைத் தானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தச் சூழலில் எது வாசகரை எழுத வைக்கிறது? என் கணிப்பில் முதன்மையானது, எழுதுபவருக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரிந்திருக்கும் இடத்தைக் கட்டுரைக்குள் திறந்து வைப்பது. மழைக்காலத்தின் அழகு என்று எழுதினால் படித்தவர் மகிழ்ந்துவிட்டுப் போய்விடுவார். சேர்த்துச் சொல்ல அவரிடம் ஒன்றும் இராது. பேச்சிப்பாறை அணையிலிருந்து வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் பாசனத்துக்குத் திறந்துவிடும் தண்ணீர் இந்த ஆண்டு எந்தக் கால்வாயின் கடைவரம்பு வரை வந்தது, எந்த ஊரில் கன்னிப்பூ எனப்படும் முதல் போகச் சாகுபடியை விட்டுவிட்டு, அடுத்த போகமான கும்பப்பூவுக்கு மட்டும் வயலை உழுதார்கள் என்று எழுதினால் நிலைமை வேறு. கடைவரம்பில் வயல் வைத்திருப்பவருக்கு எழுதுபவரைவிட அதிகம் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது அவருக்குத்தான் கடினம்.

சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இதைச் செய்தியாக மட்டும் எழுதும் பதிவுக்கும், அந்தக் குளங்களில் தாமரை எந்தப் பக்கம் பூத்தது, எந்த ஆண்டுகளில் பறவைகள் குறைந்தன, கரையை ஒட்டிய சாலையில் மாலையில் நடப்பவர்கள் என்ன கண்டார்கள் என்று கேட்கும் பதிவுக்கும் வரும் மறுமொழிகள் ஒரே மாதிரி இரா. பின்னதில் கேட்கப்பட்ட கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்ல முடியாது. சிலரால் மட்டுமே முடியும். தன்னால் முடியும் என்று அறிந்தவருக்கு அந்தக் கேள்வி தன்னையே நோக்கி வந்ததாகத் தோன்றும். "இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று எல்லோரையும் ஒருசேரக் கேட்கும் வாக்கியத்தில் யாரும் தன்னைக் காண்பதில்லை. கட்டுரையின் கடைசியில் பழக்கத்துக்காக வைக்கப்படும் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, கட்டுரையின் நடுவில், தகவல் உண்மையிலேயே போதாத இடத்தில் கேட்பதே மேல்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. தெரிந்ததைத் தெரியாததுபோல் நடித்துக் கேட்டால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார். அதேபோல், சீண்டினால் மறுமொழி வரும் என்பது உண்மை. சாதியையோ மதத்தையோ நடிகரையோ தொட்டால் ஒரே இரவில் நூறு பின்னூட்டங்கள் கிடைக்கும். அந்த நூறு பேரில் அடுத்த கட்டுரைக்கு வருபவர்கள் மிகக் குறைவு. அதுவரை அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சந்தடியைப் பார்த்து ஒதுங்கிப் போவார்கள் என்பது இன்னும் பெரிய இழப்பு.

அடுத்தது வழி. ஒருவர் மறுமொழி எழுத விரும்பியும் எழுத முடியாமல் போவதற்கு மிகச் சாதாரணமான தடைகள் காரணமாக இருக்கின்றன. கணக்கில் நுழையச் சொல்லும் பெட்டி, படத்தில் உள்ள எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனை, கைப்பேசித் திரையில் விரியாத பின்னூட்டப் பகுதி ஆகியவை ஒவ்வொன்றும் சிலரைத் திருப்பி அனுப்பிவிடும். எழுதுபவர் தன் பதிவில் தானே புகுபதிகை செய்திருப்பதால் இந்தத் தடைகள் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசியை வாங்கித் தன் இடுகைக்கு ஒரு மறுமொழி எழுதிப் பார்த்தால் பல உண்மைகள் புலப்படும்.

தமிழில் தட்டச்சு செய்வது இன்னொரு தடையாக இருந்துவந்தது. கணினிக் காலத்தில் என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் அதைக் குறைத்தன. 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. ஆனால் குமரி மாவட்டத்தின் மேற்கே, விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் வழங்கும் பேச்சு, இயந்திரம் எதிர்பார்க்கும் பொதுத்தமிழிலிருந்து வெகுவாக விலகியது. மேலும் 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால், மலையாளம் படித்து வளர்ந்த முதியவர்கள் தமிழைச் சரளமாகப் படித்தாலும் தமிழில் எழுதுவதற்குக் கூசுவதுண்டு. பழைய செய்திகளை அதிகம் அறிந்தவர்களும் இவர்களே. இவர்கள் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பத் தயங்குவதில்லை. இடுகையின் கீழே எழுதுங்கள் என்று வற்புறுத்துவதை விட்டு, குரல்பதிவாக அனுப்புங்கள் என்று சொல்லி, வந்ததை எழுத்தாக்கி, அவரிடம் படித்துக்காட்டி, அவர் சம்மதித்த பெயரில் இடுகையோடு சேர்ப்பது கூடுதல் வேலைதான். இந்த மாவட்டத்தைப் பற்றி எழுதுபவருக்கு அந்த வேலை வீண்போகாது. திருமண வீட்டிலும் தொலைபேசியிலும் வரும் மறுமொழியையும் இப்படியே பதிவுக்குள் கொண்டுவரலாம். பெயரைச் சொல்ல விரும்பாதவரை "ராஜாக்கமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர்" என்று குறிப்பிட்டாலே போதும். முன்னர்ச் சொன்ன அந்தத் தயக்கத்துக்கும் இதில் ஒரு தீர்வு இருக்கிறது: கருத்து வெளியே வரும், பெயர் வராது.

வழி திறந்த பிறகு எல்லாம் எழுதுபவரின் நடத்தையைப் பொறுத்தது. ஒருவர் பிழை சுட்டினால், "நன்றி, கவனிக்கிறேன்" என்று முடித்துவிட்டுக் கட்டுரையை அப்படியே விட்டுவைப்பவருக்கு இரண்டாவது திருத்தம் வராது. கட்டுரையில் மாற்றம் செய்து, யார் சுட்டியதால் மாறியது என்று அங்கேயே குறித்துவைத்தால், படிக்கிற ஒவ்வொருவருக்கும் தன் சொல்லும் இங்கே எடுபடும் என்பது விளங்கும். நாகர்கோவிலில் வசிக்கும் எழுத்தாளர் ஜெயமோகன் தன் இணையதளத்தில் வாசகர்களின் கடிதங்களைத் தனி இடுகைகளாகவே, பல நேரம் தன் பதிலோடு வெளியிட்டுவருகிறார். கடிதம் அங்கே கட்டுரைக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருக்காமல் தானே ஒரு கட்டுரையாகிறது. அவ்வளவு கடிதங்கள் வராத சிறு பதிவரும் இதைத் தன் அளவில் செய்ய முடியும். நல்ல மறுமொழி ஒன்று வந்தால் அதை முன்வைத்து அடுத்த இடுகையைத் தொடங்கலாம். ஒக்கிப் புயல் வீசிய 2017 நவம்பர் கடைசி நாள்களைப் பற்றிக் கடலோரத்தைச் சார்ந்து ஒருவர் எழுதினால், உள்நாட்டில் சாய்ந்த ரப்பர் மரங்களையும் வாழைத் தோட்டங்களையும் பற்றி இன்னொருவர் மறுமொழி எழுதக்கூடும். அது அடுத்த இடுகைக்கான பொருளாகவே வந்து சேர்கிறது.

மறுமொழிக்கு எவ்வளவு விரைவில் பதில் சொல்ல வேண்டும் என்பதில் பலர் தேவைக்கு மேல் பதறுகிறார்கள். சில நிமிடங்களுக்குள் பதில் சொல்வது அவசியமில்லை. ஆனால் வெளியிடுவதற்கு முன் பதிவர் பார்த்து அனுமதிக்கும் மட்டுறுத்தலில் மறுமொழி ஒரு வாரம் கிடப்பது கூடாது. எழுதியவர் அது குப்பைக்குப் போய்விட்டதென்று எண்ணிவிடுவார். இம்மாவட்டத்துப் பதிவுகளைப் படிப்பவர்களில் கணிசமானோர் வளைகுடாவில் இருப்பவர்கள். சவூதி அரேபியா, குவைத், கத்தார், ஓமன் போன்ற நாடுகளில் வெள்ளிக்கிழமை விடுமுறை; நேரமும் இந்தியாவைவிட ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. வெள்ளிக்கிழமையில் சற்று நேரம் ஒதுக்கி மறுமொழிகளைப் பார்த்துவிடுபவர் இந்த வாசகர்களோடு உரையாடலைத் தொடர முடியும்.

மட்டுறுத்தலையே எடுத்துவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில், இங்கே கூடாது என்பதுதான். மேலே சொன்ன மதச் சாதிக் காரணங்கள் போதும். அவற்றோடு விளம்பரக் குப்பைகளின் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. வசை இல்லாத எதிர்க்கருத்தை அனுமதிப்பதும் வசையை அனுமதிக்காததும் எந்த அளவுகோலின்படி என்பதைப் பதிவின் ஓரத்தில் நாலு வரியில் எழுதிவைத்துவிட்டு, தன் நண்பர்களுக்கும் அதையே கறாராகப் பின்பற்ற வேண்டும். தனக்குச் சாதகமான வசையைக் கண்டும் காணாமல் விடுபவரை இந்த ஊர் மிக விரைவில் அடையாளம் கண்டுகொள்ளும்.

பழைய இடுகைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிளாகர் போன்ற சேவைகளில், குறிப்பிட்ட நாள்களைக் கடந்த இடுகைகளுக்கு வரும் மறுமொழிகளை மட்டும் மட்டுறுத்தும் வசதி உண்டு. குப்பைகளுக்கு அஞ்சிப் பழைய இடுகைகளின் பின்னூட்டத்தை அடியோடு மூடிவிடுவதைவிட இதைப் பயன்படுத்துவது நல்லது. ஊரைப் பற்றிய எழுத்துக்கு வாசகர் உடனே வருவதில்லை. தன் பாட்டியின் ஊரையோ, தான் படித்த பள்ளியையோ, மூடப்பட்ட ஒரு திரையரங்கையோ தேடுபொறியில் தட்டிப் பார்ப்பவர், அது எழுதப்பட்டு ஆறேழு ஆண்டுகள் கழிந்த பிறகு வந்து சேர்கிறார். பெரும்பாலும் அவரிடம்தான் புகைப்படமும் ஆண்டும் பெயரும் இருக்கும்.